கைகேயியைக் கூனி வென்ற இடம்

கூனி கைகேயியின் மாளிகைக்குள் நுழைந்த இடத்தில் நேற்று நிறுத்தினோம். கைகேயி உறங்குகிறாள். கூனி காலைத் தொட்டு எழுப்புகிறாள்.

கோசலை வாழ்ந்தாள், நீ கெட்டாய் என்றுதான் ஆரம்பிக்கிறாள். சக்களத்திப் பொறாமையைக் கிளறிப் பார்க்கிறாள். கம்பன் கைகேயியை என்ன பதில் சொல்ல வைக்கிறான் பாருங்கள். கோசலைக்குக் கணவர் சக்கரவர்த்தி, பிள்ளை பரதன், இதற்கு மேல் புதிதாக என்ன வாழ்வு வந்துவிடும் என்கிறாள். பரதனைக் கோசலையின் பிள்ளை என்று பெற்றவளே சொல்கிறாள்! இராமனுக்குப் பட்டாபிஷேகம் என்று கேட்டதும் ஒரு மாலையைப் பரிசாகத் தருகிறாள். கூனி அதைத் தரையில் எறிகிறாள். மேலும் பேசியதும், உன் நாக்கை அறுக்காமல் பொறுத்தேன், எதிரே நிற்காதே, போ என்று விரட்டுகிறாள் கைகேயி.

வேறொருத்தியாக இருந்தால் அத்தோடு மூட்டையைக் கட்டியிருப்பாள். கூனி காலில் விழுந்து, பேச்சைத் திருப்புகிறாள். வறுமையில் வாடி உன்னிடம் கையேந்தி வருகிறவர்களுக்கு இனிமேல் கோசலையிடம் கேட்டு வாங்கித்தான் கொடுப்பாயா? இல்லையென்று சொல்லி அனுப்புவாயா? அடுத்து பிறந்த வீட்டை எடுக்கிறாள். உன் கணவருக்குப் பயந்துதான் ஜனகன் உன் தந்தையை விட்டுவைத்திருக்கிறான். அவன் மருமகன் இராமன் அரசனாகிவிட்டால் கேகயத்தின் கதி என்ன?

கவனியுங்கள். பொறாமை அசைக்காத கைகேயியை எவை அசைத்தன? கொடுத்துப் பழகிய கையும் தகப்பனிடம் வைத்த பாசமும். இரண்டும் நல்ல குணங்கள்தானே!

பாரதத்தில் சகுனியும் இந்த வழிதான் போனான். தகப்பன் எலும்பில் பகடை செய்தான் என்று ஊரில் சொல்லும் கதை கேட்க ருசியாக இருக்கும். வியாசரிடம் அது கிடையாது. வியாசரின் சகுனி கணக்குப் போடுகிறவன். தருமனுக்குச் சூதில் ஆசை உண்டு, ஆடத் தெரியாது, அழைத்தால் மறுக்க மாட்டான் என்கிறான். ஆசை பலவீனம், சரி. மறுக்க மாட்டான் என்பது? பெரியப்பா அழைக்கிறார், க்ஷத்திரியன் பின்வாங்கக் கூடாது என்ற மரியாதை அது. அழைப்பைக் கொண்டுபோனவரும் யார்? இது வேண்டாம் என்று தடுத்த விதுரர்! கூனி தனியறையில் செய்ததை இவன் பீஷ்மரும் துரோணரும் உட்கார்ந்திருந்த சபையிலேயே செய்தான்.

ஷேக்ஸ்பியரின் இயாகோ இன்னும் கொடியவன். வேலை இழந்த காசியோவுக்காக தெஸ்திமோனா இரக்கப்பட்டுக் கணவனிடம் பரிந்து பேசுகிறாள். அந்தப் பரிவையே அவள் நடத்தைக்கு எதிரான சாட்சியாக ஒதெல்லோவின் காதில் ஓதினான்.

சூர்ப்பணகையை இந்த வரிசையில் நான் சேர்க்க மாட்டேன். இராவணனிடம் காமம் ஏற்கெனவே இருந்தது. காய்ந்த விறகில் தீ வைக்க என்ன சாமர்த்தியம் வேண்டும்?

அப்படியானால் நல்லவர்களாக இருப்பதே ஆபத்தா என்று கேட்பீர்கள். கைகேயியின் தானத்தில் 'என் கையால் கொடுக்க வேண்டும்' என்பது ஒட்டிக்கொண்டிருந்தது. தருமனின் மரியாதையில் 'என் விரதம்' இருந்தது. கூனிக்கும் சகுனிக்கும் பிடி கிடைத்தது அங்கேதான்.

பரதனிடம் அந்தப் பிடி கிடைக்கவில்லை. தாய் வாங்கி வைத்த ராஜ்யம் அவனுக்காகக் காத்திருந்தது. என்னுடையது அல்ல என்று ஒதுக்கினான். சத்ருக்னன் கூனியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தபோதும் பரதன்தான் தடுத்தான். இவளைக் கொன்றால் இராமன் நம்முடன் பேச மாட்டான் என்றான். அத்தனை கோபத்திலும் அவனுக்கு அளவுகோல் இராமன்தான்.

பரதன் கேகயத்திலிருந்து திரும்பி வரும் கட்டத்தை நாளை பார்ப்போம். அதற்குள் வீட்டில் கம்பராமாயணம் இருப்பவர்கள் மந்தரை சூழ்ச்சிப் படலத்தை ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து வாசியுங்கள்.