கோபத்தைக் கத்தி அறுக்குமா?



டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் சென்னை பொது மருத்துவமனையில் மூளை ஆபரேஷன் பிரிவை ஆரம்பித்தார். 1960-களிலும் 70-களிலும் அவரும் டாக்டர்கள் வி. பாலசுப்பிரமணியம், டி.எஸ். கனகா ஆகியோரும் ஓர் அபூர்வ சிகிச்சை செய்தார்கள். எந்த மருந்துக்கும் அடங்காமல் அடித்து உடைக்கிற நோயாளிகளின் மண்டையோட்டில் சிறு துளை போட்டு, பாதாம் பருப்பு போலிருக்கும் அமிக்டலாவில் ஒரு சின்ன இடத்தை அழித்தார்கள். பலர் அடங்கினார்கள் என்று எழுதி வைத்தார்கள். அவர்களில் சிறுபிள்ளைகளும் உண்டு.

ஒரு கேள்வி. அடங்கின பையன் நல்லவனாகிவிட்டானா? இல்லையே! அவன் மனந்திரும்பவில்லை; கை ஓய்ந்தது, அவ்வளவுதான். அப்படியானால், முன்பு அவன் அடித்ததை மட்டும் பாவம் என்று எப்படிச் சொல்வது? "பிசாசு பிடிச்சவன்" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோமே, பெற்ற தாயின் மனசு என்ன பாடுபடும்!

இன்று 2017-ம் வருஷத்து மனநலச் சட்டப்படி, நோயாளியின் சம்மதமும் வாரியத்தின் அனுமதியும் இல்லாமல் இப்படிப்பட்ட ஆபரேஷன் செய்யக்கூடாது. நியாயம்தான். சாந்தத்தை ஒருவன்மேல் திணிக்க முடியுமா?

நமக்கோ மூளையில் குறையில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து வந்ததும் மனைவிமேல் எரிந்து விழுகிறோமே, அதை எந்த டாக்டர் அறுப்பார்? அதற்கு நாம்தான் கணக்குக் கொடுக்கவேண்டும்.