வட்டில் இட்ட கோடு மெய்யா, வழக்கா?

கிளவுட் சர்வர் ஒன்றின் வட்டைப் பெரிதாக்கும் வேலை மூன்று அடுக்குகளில் நடக்கிறது. முதலில் சேவை நிறுவனத்தின் பக்கத்தில் வால்யூமின் அளவு, 20 ஜிபியிலிருந்து 50 ஜிபி என்பது போல, உயர்த்தப்படுகிறது. அடுத்து வட்டின் பிரிவுகளை, அதாவது பார்ட்டிஷன்களை, குறித்துவைக்கும் பார்ட்டிஷன் அட்டவணையில் பார்ட்டிஷன் முடியும் இடம் திருத்தப்படுகிறது. லினக்ஸில் இதற்கு குரோபார்ட் என்ற கட்டளை உண்டு. கடைசியாக ஃபைல் சிஸ்டம் புதிய எல்லை வரை நீட்டப்படுகிறது. முதல் படியோடு நிறுத்திவிட்டால் வட்டு 50 ஜிபி, ஆனால் கோப்புகளுக்குக் கிடைப்பது பழைய 20 ஜிபிதான். மீதி 30 ஜிபி இருந்தும் இல்லாததாக நிற்கிறது. பிரிக்கும் கோடு பொருளில் இருக்கிறதா, அறிவில் இருக்கிறதா என்று இந்திய தரிசனங்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட கேள்விக்கு இது நல்லதொரு சோதனைக்களம்.

அந்த 30 ஜிபியை முதல் பார்ட்டிஷனோடு சேர்க்கலாம். இரண்டாவது பார்ட்டிஷனாகவும் ஆக்கலாம். வட்டின் சிறு துண்டுகளான செக்டர்கள் இரண்டு வழியிலும் அவையேதான். எது எதைச் சேர்ந்தது என்று அவற்றில் எந்தக் குறியும் இல்லை. பழைய எம்பிஆர் அட்டவணை முறையில் ஒரு முதன்மைப் பார்ட்டிஷன் என்பது வட்டின் முதல் செக்டரில் உள்ள 16 பைட் பதிவு மட்டுமே. குடத்துக்குள் உள்ள ஆகாயமும் வெளியே உள்ள ஆகாயமும் ஒன்றே, பிரிவு குடத்தால் வந்த தோற்றம் என்று அத்வைத ஆசான் கௌடபாதர் மாண்டூக்ய காரிகையில் வாதிடுகிறார். பார்ட்டிஷனுக்கு இது அப்படியே பொருந்துவது போலத் தெரிகிறது. குடத்துக்காவது ஓடு உண்டு. இங்கே அதுவும் இல்லை.

ஆனால் தோற்றம் என்று தள்ளிவிடவும் முடியாது. பதிவுக் கோப்புகள் வீங்கித் தனி பார்ட்டிஷன் ஒன்றை நிரப்பிவிட்டாலும் இயங்குதளம் இருக்கும் பார்ட்டிஷன் தப்பித்துக்கொள்கிறது. 7ஆம் நூற்றாண்டின் பௌத்த தர்க்க அறிஞர் தர்மகீர்த்தி, காரியம் செய்ய வல்லதே மெய்ப்பொருள் என்றார். அந்த அளவுகோலில் பார்ட்டிஷன் தேறிவிடுமா? கூர்ந்து பார்த்தால் வெள்ளத்தைத் தடுத்தது வட்டில் உள்ள சுவர் அல்ல. அட்டவணையைப் படித்து அதன்படி நடக்கும், இயங்குதளத்தின் கருவான கெர்னல்தான் தடுத்தது. அட்டவணையைப் பொருட்படுத்தாத நிரல் ஒன்று கோட்டைத் தாண்டி எழுதினால் வட்டு அதை ஏற்றுக்கொள்ளும். காரியம் செய்வது கோடு அல்ல, கோட்டைப் பற்றிய உடன்பாடு. சக்கரமும் அச்சும் தேர் அல்ல, அவை கூடிய இடத்தில் வழங்கும் பெயரே தேர் என்று மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் சொன்ன விடை இதற்கு மிக அருகில் வருகிறது.

நியாய தரிசனம் இதை ஒப்புக்கொள்ளாது. முழுமை என்பது பகுதிகளுக்கு வேறான மெய்ப்பொருள். இல்லையென்றால் ஒரு பகுதியைப் பிடித்து இழுக்கும்போது முழுவதும் எப்படி வரும் என்று அது கேட்கிறது. கிளவுட் வால்யூம் இந்த வாதத்துக்கு எதிர்பாராத வலுச் சேர்க்கிறது. அதன் தரவு பல சாதனங்களில் சிதறிக் கிடக்கலாம். ஆனாலும் ஒரு சர்வரிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டினால் முழுவதும் ஒன்றாகவே வருகிறது. பகுப்பு எங்காவது நின்றாக வேண்டும், இல்லையேல் மேருவும் கடுகும் சம அளவாகிவிடும் என்ற அணுவாதமும் இங்கே தன் அணுவைக் காண்கிறது: 512 அல்லது 4096 பைட் கொண்ட செக்டர். அதற்குக் கீழே வட்டில் முகவரி கிடையாது. எனினும் அந்த 512 என்ற எண்ணும் வடிவமைத்தவர்கள் தேர்ந்ததே. நியாய தரிசனத்தார் கேட்கும் இயற்கை அணு அது அல்ல.

வளர்ந்த வட்டு பழைய வட்டேதானா என்பது அடுத்த கேள்வி. ஒரு பார்ட்டிஷனை அட்டவணையிலிருந்து நீக்கி, அதே தொடக்க செக்டரில், மேலும் தள்ளிய முடிவோடு மறுபடி உருவாக்கினால் உள்ளே இருந்த தரவு அப்படியே கிடைக்கிறது. தொடக்கம் ஒரு செக்டர் பிசகினாலும் ஃபைல் சிஸ்டம் அகப்படாது. முடிவு தள்ளிப் போகலாம், தொடக்கம் நகரக்கூடாது. மனித அறிவைப் பற்றிய தன் நூலின் 1694இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக், ஒரு பொருள் எங்கே, எப்போது தொடங்கியதோ அதுவே அதன் அடையாளத்தைத் தீர்மானிக்கிறது என்றார். அவர் கருத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அரிது.

வளர்ச்சிக்கும் வரம்பு உண்டு. எம்பிஆர் அட்டவணை செக்டர்களை 32 பிட் எண்ணால் எண்ணுவதால், 512 பைட் செக்டரில் 2 டெராபைட்டுக்கு மேலுள்ள இடத்தை அதனால் சுட்ட முடியாது. இடம் உண்டு, அதைச் சொல்ல எண் இல்லை. புதிய ஜிபிடி அட்டவணை முறையில் அந்தத் தடை நீங்கியது. ஆனால் அது தன் அட்டவணையின் நகலை வட்டின் கடைசியில் வைப்பதால், வட்டு வளர்ந்ததும் நகல் நடுவில் சிக்கிக்கொள்கிறது. அதைப் புதிய முடிவுக்கு நகர்த்த வேண்டும்.

சுருக்குவது வேறு கதை. அமேசான் கிளவுடின் ஈபிஎஸ் வால்யூமை வளர்க்கலாம், குறைக்க முடியாது. குறைக்க வேண்டுமென்றால் சிறிய புது வால்யூமை உருவாக்கிக் கோப்புகளைப் பிரதியெடுத்துப் பழையதை நீக்க வேண்டும். லாக்கின் கணக்கில் அது வேறு தொடக்கம், ஆகவே வேறு வட்டு. பௌத்தர்கள் கணம்தோறும் மாறும் தொடர்ச்சியைத் தவிர அடையாளம் என்று எதையும் ஏற்காதவர்கள். அவர்களுக்கு இந்தப் பிரதியெடுப்பு முன்னைய வளர்ச்சியிலிருந்து பெரிதும் வேறுபட்டதல்ல. சர்வர் லாக்கின் பக்கம் நிற்கிறது. புதிதாக அமைத்த ஃபைல் சிஸ்டத்துக்குப் புது அடையாள எண் கிடைக்கிறது. எந்த வட்டை எங்கே இணைப்பது என்று சர்வருக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய எண்ணே எழுதப்பட்டிருந்தால், எல்லாக் கோப்புகளும் பத்திரமாக இருந்தும் சர்வர் இல்லாத வட்டைத் தேடிக்கொண்டிருக்கும்.