உடலும் ஓர் அமானிதமே

 

கல்லாக் கணக்கைச் சரிபார்க்காமல் கடையடைக்கும் வியாபாரி நம்மில் எவரும் இலர். வரவென்ன, செலவென்ன, கடன் நின்றதென்ன என்று பார்த்த பின்னரே கதவைப் பூட்டுகின்றோம். ஆனால், அல்லாஹுத் தஆலா நம்மிடம் அமானிதமாக ஒப்படைத்துள்ள இவ்வுடலின் கணக்கை நம்மில் எத்தனை பேர் பார்க்கின்றோம்?

மலேசியாவில் 2023-ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 15.6 பேருக்கு நீரிழிவு இருக்கின்றது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர்! சிங்கப்பூர் அரசாங்கமோ 2016-இல் இந்நோயின் மீது போர் தொடுப்பதாகவே அறிவித்தது. ஜும்ஆத் தொழுகையில் உங்கள் ஸஃப்பைச் சற்றே நினைத்துப் பாருங்கள். அதிலே எத்தனை பேர் இந்நோயுடன் நிற்கின்றனரோ! தமக்கு நோய் இருப்பதையே அறியாதவரும் அவர்களுள் உண்டு.

நம் தொழிலின் வழக்கம் யாது? ஸுபுஹு தொழுதுவிட்டுக் கடை திறக்கின்றோம். ரொட்டி சானாயும் டின்பால் தேத்தண்ணீரும் காலை ஆகாரம். பகலுணவு பிற்பகல் மூன்று மணிக்கு. இரவுணவு கடையடைத்த பின் பதினொரு மணிக்கு, வயிறு புடைக்கச் சோறு. உண்டவுடன் உறக்கம். இடையிடையே வந்தவர்களுடன் தேத்தண்ணீர் வேறு.

ஒரு குவளைத் தேத்தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி டின்பால் சேர்த்தால், அதில் மட்டும் சுமார் 20 கிராம் சர்க்கரை இருக்கும். அதாவது ஐந்து தேக்கரண்டி. சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நலம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரண்டாம் குவளையிலேயே எல்லை கடந்துவிடுகின்றோம்!

"நான் சீனியை விட்டுவிட்டேன்" என்று கூறி நிம்மதியடைவோரும் உளர். சோறும், ரொட்டியும், இடியாப்பமும் வயிற்றுக்குள் சென்றபின் சர்க்கரையாகவே இரத்தத்தில் சேருகின்றன என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். தட்டிலே பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ என்பது சுகாதார அமைச்சு கூறும் அளவு. சோறு மூழ்கக் குழம்பு ஊற்றினால் உப்பும் கொழுப்பும் கூடும். நீரிழிவுக்காரரின் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் அது கேடு.

இவ்வளவு முறை நமக்குப் புதியதா? வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு மூச்சு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள் அன்றோ! உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வீண்விரயம் வேண்டாம் என்பதே திருமறையின் கட்டளையும். உன் உடலுக்கும் உன்மீது உரிமை உண்டு என்பதும் அண்ணலார் காட்டிய நெறியே.

சகோதரர்களே! ரமலானில் சிலர், "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று மாத்திரையையும் இன்சுலினையும் தாமாகவே நிறுத்தி நோன்பு வைக்கின்றனர். இது தவக்குல் அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பு என்பதே நாம் கற்ற பாடம். நோயாளிக்கு நோன்பில் சலுகையளித்தவன் அந்த ரஹ்மானேதான். அவன் தந்த சலுகையை ஏற்பது ஈமானின் குறைவாகாது. ஆகவே, ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதங்கள் முன்னரே வைத்தியரைக் கண்டு ஆலோசியுங்கள். ஸஹரைத் தவறவிடாதீர்கள். விரலில் குத்தி இரத்தம் சோதிப்பதால் நோன்பு முறியாது. சர்க்கரை 3.9 மில்லிமோலுக்குக் கீழிறங்கினாலோ, 16.6-க்கு மேல் ஏறினாலோ உடனே நோன்பைத் திறந்துவிடுங்கள். இஃப்தாரில் பேரீத்தம்பழம் ஒன்றே ஸுன்னத்துக்குப் போதும். சர்பத்தும் பலகாரமும் ஸுன்னத்தல்ல.

ரமலான் அல்லாத நாளிலும், மாத்திரை போட்டவர் வியாபார மும்முரத்தில் உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிழ நேரும். கடையில் ஆளை நிறுத்திவிட்டு, வேளைக்கு உண்ணுங்கள்.

உணவுக்கடை நடத்தும் சகோதரர்களுக்குத் தனியே ஒரு சொல். நிறுவையில் நேர்மை காக்கும் நாம், உண்ண வருவோரின் நலத்தையும் காத்தல் வேண்டும். சீனியைத் தனியே வையுங்கள். டின்பாலைக் குறையுங்கள். கோசோங் கேட்பவருக்கு முகஞ்சுளியாமல் கொடுங்கள். கந்தூரியிலும் வலீமாவிலும், "இன்னும் கொஞ்சம்" என்று நோயாளியை வற்புறுத்துவது விருந்தோம்பல் ஆகாது.

எச்பிஏ1சி என்றொரு இரத்தப் பரிசோதனை உண்டு. அது சென்ற இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டிவிடும். அதுவே நம் உடலின் பேரேடு. இம்மாதமே அதைத் திறந்து பாருங்கள். நாளை மறுமையில் நம் ஆயுளைப் பற்றியும் பொருளைப் பற்றியும் கேள்வி உண்டு. அப்போது, பொருளைத் தேடுவதற்காக உடலைத் தொலைத்தேன் என்று சொல்லும் நிலை நமக்கு வரலாகாது.

நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், நம் அனைவருக்கும் உணவில் நடுநிலையையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.