வெள்ளாற்றுக்குப் பட்ட கடன்



எல்லாரையும் நேசிக்கக் கடமைப்பட்டவன் சொந்த ஊர்மேல் மட்டும் விசேஷப் பற்று வைப்பது பட்சபாதமல்லவா? புதுக்கோட்டைச் சீமையாராகிய நமக்கு இக்கேள்வி இன்னும் கடினம். தஞ்சையார் காவேரியை நேசிப்பதில் அதிசயமில்லை. அது சோறு போடுகிறது. நம் வெள்ளாறோ மழைக்காலத்தில் ஓடி, மற்ற மாதங்களில் வெறும் மணலாய்க் கிடக்கும். (பாலத்தைக் கடந்த பிறகும் வெளியூரார், ‘ஆறு எங்கே?’ என்பார்கள்!) ஆயினும் அதன் வடகரையைக் கோனாடு என்றும் தென்கரையைக் கானாடு என்றும் நம் முன்னோர் வழங்கினர். அந்த ஆற்றை வைத்தே தங்கள் ஊரை அறிந்தார்கள்.

சர்வேசுரனுக்கு அடுத்தபடியாகப் பெற்றோருக்கும் பிறந்த நாட்டுக்கும் மனிதன் கடன்பட்டவன் என்கிறார் அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ். கடன் என்ற சொல்லைக் கவனியுங்கள். தாய் அழகி என்றா அவளை நேசிக்கிறோம்? உலகத்து ஊர்களையெல்லாம் தமதாக்கிப் பாடிய கணியன் பூங்குன்றனாரின் பெயரிலேயே அவர் பூங்குன்றம் இருக்கிறது. அவ்வூர் நம் அண்டையிலுள்ள மகிபாலன்பட்டிதான் என்பர். ஓர் ஊரையும் நேசித்தறியாதவன் எல்லா ஊரையும் நேசிப்பதாகச் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஆனால் கடனென்றால் செலுத்தவேண்டுமே. ஆறு வறண்டதென்று பெருமூச்சு விடுகிறவர், வீடு கட்டும்போது அதே ஆற்றின் திருட்டு மணலுக்கு இரவில் விலை பேசுகிறார். அவர் பற்று என்று சொல்வது எதை?