பிடித்த மீனும் பிடித்த படமும்



இந்த மாதம் மீன்பிடிப்பைப் பற்றி எழுதப்போகிறேன். அதுவும் நம்ம ஊர் மீன்பிடிப்பு அல்ல, அமெரிக்காவிலே பணம் கட்டிப் போய்ப் பிடிக்கிற மீன்பிடிப்பு. "எழுப்புதல் பத்திரிகையிலே இதற்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாய் வாசியுங்கள். ஆண்டவர் முதல் முதல் கூப்பிட்டவர்களே வலைக்காரர்கள்தானே!

ஃப்ளோரிடா மாநிலத்துக் கடலோரங்களில் கயாக்கில் போய் மீன்பிடிப்பது ஒரு பெரிய பொழுதுபோக்கு. கயாக் என்றால் ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர், உட்கார்ந்து துடுப்புப் போடுகிற சின்னப் படகு. இன்ஜின் சத்தம் கிடையாது, முழங்கால் அளவு தண்ணீரிலும் போகும், ஆகையால் மீன் அவ்வளவாய் மிரளாது. வெளியூர்க்காரர் பணம் கட்டி வருவார்கள். கைடு இன்னொரு கயாக்கில் கூடவே வருவார். எந்த நேரத்தில் எந்தச் சதுப்பு ஓரத்தில் மீன் நிற்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். விருந்தாளியின் தூண்டிலில் மீன் மாட்டினவுடனே அவர் கிட்டே வந்து, முள்ளைக் கழற்ற உதவி, மீனை விருந்தாளியின் கையில் கொடுத்து, "சிரியுங்க" என்று சொல்லி ஒரு படம் எடுப்பார். அப்புறம் பல சமயங்களில் மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். சமைத்துச் சாப்பிட அல்ல, அந்தப் படத்துக்காகவே அவ்வளவு பாடு!

இதில் என்னங்க தப்பு? நானும் இந்தக் கேள்வியை அவசரப்பட்டுத் தள்ளிவிட விரும்பவில்லை. போட்டோ என்றாலே மாம்சப் பெருமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற பிரசங்கிகள் உண்டு. ஆனால் கைடின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அடுத்த விருந்தாளி வருவார், அடுத்த மாத வாடகை அதிலேதான் இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். முந்தின நாட்களிலே, தான் பிடித்த பெரிய மீனை நாலு பேருக்குக் காட்ட வேண்டுமானால் அதைக் கொன்று, கரைக்குக் கொண்டுவந்து, பலகையிலே தொங்கவிட வேண்டும். இப்போதோ படம் கையில் இருப்பதால் மீன் உயிரோடே திரும்பப் போகிறது. கயாக் மீன்பிடிப் போட்டிகளில்கூட அளவுப் பலகையின் மேல் மீனை வைத்து, படம் எடுத்து, விட்டுவிடுகிறார்கள். அந்தப் படத்திலுள்ள அளவை வைத்தே பரிசு. ஆக, படம் மீனுக்கு ஜீவனைக் கொடுத்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

வேதமும் கணக்கு வைப்பதை வெறுக்கவில்லை. யோவான் 21-ம் அதிகாரத்தில் வலையில் வந்த பெரிய மீன்கள் 153 என்று எழுதியிருக்கிறதே! யாரோ ஒருவர் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். ஸ்தோத்திரத்தோடே எண்ணினால் எண்ணிக்கையும் ஒரு சாட்சிதான்.

அப்படியானால் சிக்கல் எங்கே இருக்கிறது? அந்தச் சில விநாடிகளில் இருக்கிறது. மீன் செவுளால் மூச்சு விடுகிறது. தண்ணீரை விட்டு வெளியே தூக்கினவுடனே அந்த மெல்லிய செவுள் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மூச்சு நின்றுபோகும். அதுவும் எப்பேர்ப்பட்ட நேரம்! தூண்டிலோடு போராடிப் போராடிக் களைத்து, மூச்சு அதிகமாய்த் தேவைப்படுகிற நேரம். 1992-ல் கனடா நாட்டில் ரெயின்போ ட்ரவுட் மீன்களை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். (வெள்ளைக்காரர் காலத்தில் நம்ம நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விட்டார்களே, அந்த ஜாதிதான்.) மீன்களை ஓட்டி ஓட்டிக் களைக்கப்பண்ணினார்கள். அதன்பின் தண்ணீரிலேயே விடப்பட்டவைகளில் 12 மணி நேரத்துக்குள் நூற்றுக்கு 12 செத்தன. 30 விநாடி வெளியே வைத்தவைகளில் நூற்றுக்கு 38. ஒரு நிமிஷம் வைத்தவைகளில் நூற்றுக்கு 72! எல்லா மீன்களும் இவ்வளவு சீக்கிரம் சாகும் என்று சொல்லவில்லை, ஜாதிக்கு ஜாதி வித்தியாசம் உண்டு. ஆனாலும் ஒரு நிமிஷம் என்பது என்ன? "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, கண்ணாடியைக் கழற்றுங்க, இன்னொன்று எடுத்துக்கிறேன்" என்று சொல்லுகிற நேரந்தான். படத்திலே மீன் பளபளவென்று இருக்கிறது, விட்டவுடனே நீந்தியும் போய்விடுகிறது. சாவு பிறகு, ஒருவரும் பார்க்காத இடத்தில் வருகிறது.

இதை அறிந்துதான் ஃப்ளோரிடாவில் சட்டமே போட்டிருக்கிறார்கள். டார்ப்பன் என்கிற பெரிய மீன் 40 அங்குலத்துக்கு மேல் இருந்தால், சாதனைக்கென்று தனி அனுமதிச் சீட்டு வாங்கினவரைத் தவிர மற்றவர்கள் அதைத் தண்ணீரை விட்டுத் தூக்கக் கூடாது. படம் வேண்டுமா? மீன் தண்ணீரில் இருக்கட்டும், நீ குனிந்துகொள்! நல்ல கைடுகளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. மீனைத் தூக்குகிறபோது தூக்குகிறவரும் தன் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டுமாம். உனக்கு எப்போது மூச்சுத் திணறுகிறதோ, அப்போது மீனுக்கும் திணறுகிறது, இறக்கி விடு. இதைக் கேள்விப்பட்டபோது, எத்தனை பிரசங்கத்தில் சொல்ல முடியாததை ஒரு தூண்டில்காரன் சொல்லிவிட்டானே என்று நினைத்துக்கொண்டேன்.

கையை நீட்டி மீனை கேமராவுக்குக் கிட்டே காட்டினால் மீன் பெரிதாய்த் தெரியும், இதுவும் எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான். அதைப் பற்றி நான் அதிகம் எழுத வேண்டியதில்லை. கன்வென்ஷன் கூட்டத்தை எந்த மூலையிலிருந்து படம் எடுத்தால் பந்தல் நிறைந்ததாகத் தெரியும் என்பது நமக்குத் தெரியாதா என்ன!

ஆபகூக் தீர்க்கதரிசி முதலாம் அதிகாரத்தில் ஒரு விசித்திரமான மீன்காரனைக் காட்டுகிறார். அவன் மனுஷரை மீன்களைப்போல வாரிக்கொண்டு, அந்தச் சந்தோஷத்திலே தன் வலைக்கே பலியிட்டுத் தூபங்காட்டுகிறான். மீனைக் கொடுத்தவரையும் மறந்தான், மீனின் ஜீவனையும் மறந்தான், வலைதான் அவனுக்குத் தெய்வம். தேவ ஜனமே, இன்றைக்கு நம்முடைய வலை எது?

ஃப்ளோரிடாவின் தென்கோடியில் கீ வெஸ்ட் என்று ஒரு ஊர். சுற்றுலாப் படகுகள் கரைக்கு வந்ததும், பிடித்த மீன்களைப் பலகையில் தொங்கவிட்டு விருந்தாளிகளை நிறுத்திப் படம் எடுக்கிற வழக்கம் அங்கே வெகுகாலமாய் உண்டு. லோரன் மெக்லெனகன் என்கிற ஆராய்ச்சியாளர் 1956 முதலான பழைய படங்களை 2007-ல் எடுத்த படங்களோடு ஒப்பிட்டு 2009-ல் வெளியிட்டார். ஐம்பது வருஷத்துக்கு முன் ஒரு மீனின் சராசரி எடை ஏறக்குறைய 20 கிலோ. 2007-ல் 2.3 கிலோ! ஆள் உயரத்து மீன் நின்ற இடத்தில் முழங்கை நீள மீன் தொங்குகிறது. ஆனால் படகுப் பயணத்தின் கட்டணம் குறையவில்லை. முகங்களிலுள்ள சிரிப்பும் குறையவில்லை! அந்தந்த வருஷத்துப் படத்தைத் தனியாய்ப் பார்க்கிறவனுக்கு ஒரு குறையும் தெரியாது. வரிசையாய் வைத்துப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும். நம்முடைய சபைகளின் வருஷாந்தர மலர்களையும் அப்படி வரிசையாய் வைத்து, மேடையையும் விளக்கையும் விட்டுவிட்டு, போன வருஷப் படத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் இன்றைக்கு சபையில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் என்ன தெரியும்?

மனுஷரைப் பிடிக்கிறவர்கள் என்று ஆண்டவர் நமக்குப் பெயர் வைத்தார். ஆனால் பிடிபட்ட ஆத்துமா மீன் அல்ல. அது நம்முடைய கையில் பிடித்துக் காட்டுவதற்காக வந்ததும் அல்ல. ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து ஒரு சகோதரி நனைந்த உடையோடு, அழுத கண்களோடு ஏறி வருகிறாள். தொட்டியைச் சுற்றிலும் பத்து போன்கள். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் வாட்ஸ்அப்பிலே, பெயரோடும் ஊரோடும். அவளுடைய புருஷனுக்கு அவள் இன்னும் சொல்லவில்லை. மாமியார் வீட்டில் யாருக்கும் தெரியாது. எப்போது சொல்லுவது, எப்படிச் சொல்லுவது என்று ஜெபித்துக்கொண்டிருக்கிறாள். அதற்குள் படம் போய்ச் சொல்லிவிட்டது. அவளுக்கு மூச்சு எங்கே?

நிக்கொதேமு இராத்திரியிலே இயேசுவினிடத்தில் வந்தான். அன்றைக்கு பேதுருவின் கையில் ஒரு போன் இருந்து, "யூதருக்குள்ளே அதிகாரியானவர் நம்ம கூட்டத்துக்கு வந்திருக்கிறார், ஸ்தோத்திரம்" என்று ஸ்டேட்டஸ் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆண்டவர் அவனை இருட்டிலேயே பேசவிட்டார். அவன் பகலுக்கு வர நாள் எடுத்தது. ஆனால் சிலுவையண்டையில், மற்றவர்கள் ஓடிப்போன வேளையிலே, நூறு இராத்தல் வாசனைத் திரவியத்தோடு வந்து நின்றான்!

மாற்கு 5-ம் அதிகாரத்தைக் கவனியுங்கள். பிசாசு பிடித்திருந்தவனிடம், உன் வீட்டாரிடத்தில் போய் ஆண்டவர் செய்ததைச் சொல் என்கிறார். அதே அதிகாரத்தில் யவீருவின் மகளை எழுப்பினபோது, கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, ஒருவருக்கும் தெரிவிக்க வேண்டாம் என்கிறார். அதோடு, பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்கிறார்! அவன் வளர்ந்த மனுஷன், தன் வாயாலே சொல்லப்போகிறான். இவள் பன்னிரண்டு வயசுப் பிள்ளை, இப்போதுதான் கண் திறந்தாள். சாட்சி சொல்லுகிறதும், சாட்சியாய்க் காட்டப்படுகிறதும் ஒன்றல்ல.

"நாங்கள் கேட்டுத்தானே எடுக்கிறோம்" என்பீர்கள். எப்போது கேட்கிறீர்கள்? கை வைத்து ஜெபித்து, கண்ணீர் காயாத நேரத்தில் பாஸ்டர் ஐயாவே நின்று கேட்டால் எந்தப் புது விசுவாசி "வேண்டாம்" என்பான்? மீன் மாட்டின குஷியில் இருக்கிற விருந்தாளியிடம் "இந்தப் படத்தை விளம்பரத்துக்குப் போட்டுக்கொள்ளலாமா" என்று கேட்டால் எதற்கும் தலையாட்டுவார். கரைக்கு வந்து, முகம் கழுவி, வீட்டுக்குப் போன பிறகு கேட்கிறவனே நேர்மையாய்க் கேட்கிறான். நம்முடைய சபையிலும் மூன்று நாள் கழித்து, தனியாய், அக்காமாரில் ஒருவரைக் கொண்டு கேட்கலாமே.

இன்னொரு கஷ்டம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். கிராமங்களில் ஊழியம் செய்கிற சகோதரர்கள் சொல்லுகிறார்கள்: "படம் அனுப்பாவிட்டால் தாங்குகிறவர்கள் காணிக்கையை நிறுத்திவிடுகிறார்கள்." உண்மைதான். அந்தச் சகோதரருக்கும் பிள்ளைகள் உண்டு, பள்ளிக்கூடக் கட்டணம் உண்டு. அவர்களைக் குற்றப்படுத்த எனக்கு மனதில்லை. ஆனால் படம் கேட்கிற அந்தத் தாங்குகிறவர்கள் யார்? இதை வாசித்துக்கொண்டிருக்கிற நாம்தான். "எத்தனை பேர், படம் எங்கே" என்று நாம் கேட்கக் கேட்க, அங்கே ஒருவர் தொட்டியண்டையில் போனைத் தூக்குகிறார். மனுஷன் பேரில் நம்பிக்கை இருந்தால் கடிதம் போதும். நம்பிக்கை இல்லையா, பஸ் ஏறிப் போய்ப் பார்த்து, அந்த ஜனங்களோடு உட்கார்ந்து ஜெபித்துவிட்டு வாருங்கள்.

லூக்கா 5-ல் சீமோனுக்கு அவன் ஆயுசிலே கிடைக்காத வேட்டை கிடைத்தது, இரண்டு படகும் அமிழத்தக்கதாக! அவன் அதை வைத்துக்கொண்டு கரையிலே நிற்கவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பின்னே போனான்.

கயாக் கைடின் கடைசி வேலை ஒன்றைச் சொல்லுகிறேன். களைத்த மீனை அப்படியே வீசிவிட மாட்டார். நனைந்த கையாலே தண்ணீருக்குள் தாங்கி, வாயிலே நீரோட்டம் போகும்படி பிடித்துக்கொண்டு, அது தானாய் வாலை அடித்துப் போகும்வரைக்கும் காத்திருப்பார். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்கிறபடியால் அவர் அதைப் படம் எடுக்க முடியாது.

வருகிற ஞானஸ்நான ஆராதனையிலும் இப்படித் தாங்குகிற கைகள் தேவை. தொட்டியிலிருந்து ஏறுகிறவர்களுக்குத் துண்டு கொடுக்க, சகோதரிகளுக்கு உடை மாற்றுகிற அறையைக் காட்ட, அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாராவது வராவிட்டால் வீடு தேடிப் போய் விசாரிக்க ஆட்கள் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிற வாலிபரும் சகோதரிகளும் ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ஐயாவைப் பாருங்கள். போனைப் பையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.