எனக்கப்புறம் குடு

எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பையன் போன மாதம் என் மெஷினில் ஒரு சின்ன உபகாரம் செய்தான். ராத்திரி நான் ‘ஷட் டவுன்’ கொடுத்தால், அன்றைக்கு எழுதியதை எல்லாம் சர்வரில் ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டுத்தான் அது அணையும். நான் மறந்தாலும் அது மறக்காது.

இது ஒன்றும் புது மந்திரமில்லை. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கும் வசதி. ‘க்ரூப் பாலிசி’ என்ற இடத்துக்குப் போனால், மெஷின் விழிக்கும்போது செய்ய வேண்டியவை, அணையும்போது செய்ய வேண்டியவை என்று தனித்தனியாக எழுதி வைக்கலாம். அந்தக் குறிப்புக்குப் பெயர் ஸ்கிரிப்ட். வீட்டு உபயோகத்துக்கு விற்கும் ‘ஹோம்’ பதிப்பில் இந்த இடம் கண்ணில் படாது. ஆபீஸ் மெஷின்களில் உண்டு.

நான் பி.காம். எதிலும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பழக்கம். அதனால் ஒரு யோசனை சொன்னேன்.

“தம்பி, காப்பி எடுக்கறதுக்கு முன்னாடி ‘எடுக்கட்டுமா?’ன்னு என்னை ஒரு வார்த்தை கேக்கற மாதிரி வெச்சுடேன்.”

சிரித்தான். “யாரை சார் கேக்கும்? இது ஓடற நேரத்துல நீங்க லாக் ஆஃப் ஆகியிருப்பீங்க. திரையில கேள்வியே தெரியாது. பதில் வேணும்னு உக்காந்துதுன்னா, பத்து நிமிஷம் பார்த்துட்டு விண்டோஸே அதை விட்டுட்டுப் போயிடும்.”

உண்மைதான். 600 விநாடி. யாரும் மாற்றி வைக்காவிட்டால் அதுதான் கெடு. லினக்ஸ் இன்னும் கறார். ‘முடித்துக்கொள்’ என்று முதலில் மரியாதையாகச் சொல்லும். இன்று பெரும்பாலான லினக்ஸ்களில் வழக்கமான கெடு 90 விநாடி. அதற்கப்புறம் மரியாதை கிடையாது. கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடும்.

“இன்னொண்ணு சார். அவசரத்துல மெயின் சுவிட்சை அமுக்கிட்டுப் போனீங்கன்னா எந்த ஸ்கிரிப்ட்டும் ஓடாது. ஒழுங்கா அணைச்சாத்தான்.”

அவன் டீ குடிக்கப் போய்விட்டான். எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது.

* * *

கும்பகோணத்தில் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து பாத்திரக்கடை வைத்திருந்தார்கள். பாகம் பிரித்தபோது சரக்குக் கணக்கு எழுதியவர் பெரியப்பா. ‘பித்தளைச் சரக்கு குறையுதே அண்ணா’ என்று அப்பா கேட்டார். ‘என்னைத் திருடன்னு சொல்றியா?’ என்று எழுந்து போனவர்தான். ஒரே தெருவில் நாலு வீடு தள்ளி இருந்துகொண்டு, பதினாலு வருஷம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. கல்யாணங்களில் வேறு வேறு பந்தியில் சாப்பிட்டார்கள்.

2015-ல் ஒருநாள் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, ஒட்டிய கவர் ஒன்றைக் கொடுத்தார்.

“எனக்கப்புறம் உங்கப்பன்கிட்ட குடு. முன்னாடி குடுத்தியோ, தொலைச்சுடுவேன்.”

“உங்களுக்கென்ன பெரியப்பா, நூறு வயசு இருப்பீங்க” என்று சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டேன். பெரியப்பா எழுதிய ஸ்கிரிப்ட் நான்தான் என்பது அப்போது தெரியவில்லை.

2019-ல் அவர் போனார். பத்தாம் நாள் காரியம் முடிந்து அப்பாவிடம் கவரைக் கொடுத்தேன். உள்ளே நாலே வரி. ‘சரக்கைக் குறைத்துக் காட்டியது நான்தான். நீ கேட்டது சரி. மன்னித்துவிடு’ என்பது சாரம்.

அப்பா இரண்டு தடவை படித்தார். கோபப்படுவார், அல்லது அழுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

“ஏன் அப்படிப் பண்ணினேன்னு கேக்கணும்டா. யாரைப் போய்க் கேப்பேன்? ‘சரி விடு அண்ணா’ன்னு சொல்லணும். அதையும் யார்கிட்ட சொல்லுவேன்?”

கவரை மடித்துப் பீரோவில் வைத்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

* * *

உங்களிடம் ஒரு கேள்வி. பெரியப்பா கேட்டது மன்னிப்புதானா?

ஆமாம் என்பதற்கும் நியாயம் உண்டு. உண்மையை எழுதினார். எழுதாமலே போகிறவர்கள்தானே அதிகம்? நேரில் சொல்ல நா எழாத மனுஷன் வேறு என்னதான் செய்வான்? ‘நாம சந்தேகப்பட்டது தப்போ’ என்று பதினாலு வருஷமாக அப்பாவை அரித்த ஒன்று அன்றைக்கு அடங்கியது. அது சின்ன விஷயமில்லை.

ஆனால் மன்னிப்புக் கேட்பது என்றால், எதிராளி ‘மாட்டேன்’ என்று சொல்வதற்கும் இடம் கொடுத்து அவன் முன்னால் நிற்பது. பெரியப்பா அதற்குத்தான் பயந்தார். பதில் வர முடியாத நேரமாகப் பார்த்துக் கேள்வியை வைத்தார். அவர் சுமை இறங்கியது. அது நேராக அப்பா தலையில் ஏறியது. வரவு இந்தப் பக்கம், பற்று அந்தப் பக்கம்!

கடைசியில் நடக்கட்டும் என்று சிலவற்றை விட்டுவைப்பது தப்பேயில்லை. உயில் இருக்கிறது. உங்கள் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் இருந்தால் போதும். நீங்கள் போன பிறகு அது தன் வேலையைச் செய்யும். இன்ஷூரன்ஸ் நாமினி, பேங்க் லாக்கர் விவரம் எல்லாம் அந்த ஜாதி. என் மெஷின் காப்பி எடுப்பது போல. யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டாம்.

மன்னிப்பு, நன்றி, ‘உன்மேல எனக்கு எவ்வளவு பிரியம் தெரியுமா’ என்பதெல்லாம் வேறு ஜாதி. அவற்றுக்குப் பதில் வேண்டும். பதில் வேண்டிய எதையும் அணைகிற நேரத்துக்குத் தள்ளக் கூடாது. தவிர, ஒழுங்காக அணைவோம் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? மெயின் சுவிட்ச் நம் கையிலா இருக்கிறது?

பெரியப்பாவை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க எனக்கு உரிமையில்லை. நாலு வருஷம் அந்தக் கவர் என் அலமாரியில் இருந்தது. உள்ளே என்ன இருக்கும் என்று ஓரளவு ஊகித்தும் இருந்தேன். முன்னாடியே கொடுத்திருந்தால் நம்பிக்கைத் துரோகம். அதைச் செய்திருக்க வேண்டும் என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒன்று செய்திருக்கலாம். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் காலில் விழுந்து எழுந்தேனே, அப்போது ஒரு தடவையாவது, ‘நாலு வீடு தள்ளித்தானே பெரியப்பா, வாங்க, நானும் கூட வரேன். நீங்களே குடுத்துடுங்க’ என்று சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார். திட்டட்டுமே.

உங்களிடம் யாராவது ‘எனக்கப்புறம் குடு’ என்று எதையாவது கொடுத்து வைத்திருக்கிறார்களா? நீங்கள் யாரிடமாவது கொடுத்து வைத்திருக்கிறீர்களா?

வீடும் நிலமும் என்றால் இருக்கட்டும். அது தானாக ஓடும். நாலு வரிக் கடிதம் என்றால், நாளை காலை காபிக்கு அவர் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.