அசலூர்க் கண்ணீர்

"என்ன வாங்கிட்டு வந்திய?"

வெளிநாடு போய்த் திரும்பியவனிடம் தச்சநல்லூர் கேட்கும் முதல் கேள்வி இது. இரண்டாவது, "அங்க என்ன பாத்திய?" முதல் கேள்விக்குப் பதில் பெட்டியில் இருக்கும். சாக்லேட், ஃப்ரிட்ஜில் ஒட்டும் பொம்மை என்று கொடுத்துச் சமாளித்துவிடலாம். இரண்டாவது கேள்வியில்தான் இந்தத் தடவை மாட்டிக்கொண்டேன்.

போய் வந்தது சரயேவோ. போஸ்னியாவின் தலைநகரம். ஐரோப்பா என்றால் நமக்கு லண்டன், பாரிஸ், அப்புறம் சினிமாப் பாட்டில் பார்த்த சுவிட்சர்லாந்து. அதனால் "அது எங்கே இருக்கு?" என்று நீங்கள் கேட்டால் எனக்கு வருத்தமில்லை. டிக்கெட் எடுப்பதற்கு முன்பு நானும் மேப்பில் தேடியவன்தான்.

சுற்றிலும் மலை. உருளிக்குள் உட்கார்ந்த மாதிரி ஊர். நடுவே மில்யாட்ஸ்கா என்று ஓர் ஆறு. ஆறு என்று அவர்கள் சொல்கிறார்கள். தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவன் அதை வாய்க்கால் கணக்கில்தான் சேர்ப்பான். பழைய கடைவீதியில் செம்பு தட்டும் சத்தம். நீளக் கைப்பிடி வைத்த குட்டிச் செம்புப் பாத்திரத்தில் கஷாயம் மாதிரி காபி தருகிறார்கள். மசூதி, கத்தோலிக்க தேவாலயம், ஆர்த்தடாக்ஸ் தேவாலயம், யூதர்களின் ஜெப ஆலயம் எல்லாம் கொஞ்ச நேர நடைக்குள் வந்துவிடும். 1914-ல் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டு, முதல் உலகப் போருக்குப் பிள்ளையார் சுழி போட்ட இடமும் இந்த ஆற்றின் பாலம் ஒன்றின் முனைதான். இதெல்லாம் கைடு புத்தகத்திலேயே இருக்கிறது. விடுங்கள்.

நான் சொல்ல வந்தது தரையைப் பற்றி.

நடைபாதையில் அங்கங்கே சிவப்பாக ஏதோ கொட்டிக் காய்ந்த மாதிரி இருக்கும். பெயின்ட் சிந்தியிருக்கிறது என்று நினைத்துத் தாண்டிப் போனேன். அப்புறம்தான் சொன்னார்கள். குண்டு விழுந்து சிதறிய குழிகளில் சிவப்பு நிறப் பிசினை ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பூ. 'சரயேவோ ரோஜா' என்று பேர். அந்த இடத்தில் ஆள் செத்திருக்கிறது என்று அர்த்தம்.

1992 ஏப்ரலில் தொடங்கி 1996 பிப்ரவரி வரை 1,425 நாள் அந்த ஊரை முற்றுகை போட்டிருந்தார்கள். எங்கிருந்து? அழகு அழகு என்று நாம் போட்டோ எடுக்கிற அதே மலைகளிலிருந்து. 1984-ல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த மலைகள் அவை. ட்ரெபெவிச் மலையில் பனிச்சறுக்கு வண்டிக்காகப் போட்ட கான்கிரீட் தடம் இருக்கிறதே, அதைப் போரில் பீரங்கிக்கு மறைவாக வைத்துக்கொண்டார்கள். 2018-ல் மறுபடி ஓட ஆரம்பித்த கேபிள் காரில் ஏறி மேலே போகலாம். போனேன். கீழே வீட்டுக் கூரைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. சுட்டவனுக்கும் இப்படித்தானே தெரிந்திருக்கும் என்று தோன்றியதும் இறங்கிவிட்டேன்.

முற்றுகை தொடங்கிய 20-வது ஆண்டில், 2012-ல், நகரத்தின் பெரிய சாலையில் 11,541 சிவப்பு நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்களாம். செத்தவருக்கு ஒன்று. குழந்தைகளுக்குச் சின்ன நாற்காலி.

என் தவறு ஒரு ரோஜாவின் முன்னால் நடந்தது. குனிந்து போட்டோ எடுத்தேன். என் நிழல் விழுந்துவிட்டது. ஓரடி தள்ளி நின்று இன்னொன்று எடுத்தேன். காய்கறிப் பையோடு வந்த ஒரு பாட்டி, என் படம் கெட்டுவிடக் கூடாதே என்று நின்று, காத்திருந்து, பிறகு சுற்றிக்கொண்டு போனார். முற்றுகையின்போது அவருக்கு நாற்பது வயது இருந்திருக்கும். யாருடைய சாவுக்கு நான் வெளிச்சம் சரிபார்த்துக்கொண்டு இருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

இப்போது உங்களைக் கேட்கிறேன். அடுத்தவர் துக்கத்தை டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்ப்பது சரியா?

சரிதான் என்று சொல்ல அந்த ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள். 1993-ல் விமான நிலையத்துக்கு அடியில் சுமார் 800 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் தோண்டி, அரிசி பருப்பும் ஆயுதமும் காயம்பட்டவர்களுமாகப் போக்குவரத்து நடத்தியிருக்கிறார்கள். அதில் கொஞ்ச தூரத்தை இன்றைக்கும் தலையைக் குனிந்துகொண்டு நடந்து பார்க்கலாம். காசு வாங்கிக்கொண்டு காட்டுகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். 'வந்து பார், போய்ச் சொல்' என்பதுதான் அவர்கள் கேட்பது. 1992 ஆகஸ்டில் எரிந்த நூலகக் கட்டடத்தையும் 2014-ல் பழையபடி எழுப்பித் திறந்திருக்கிறார்கள். அதன் வாசலில் நின்றபோது எனக்கு யாழ்ப்பாணம்தான் ஞாபகம் வந்தது. உங்களுக்கும் வரும். 1981-ல் அங்கே எரிந்தவை ஏறக்குறைய 97,000 புத்தகங்கள். ஆக, பார்ப்பது தப்பில்லை. பார்க்காமல் போனால்தான் அவர்களுக்கு வருத்தம்.

ஆனாலும் மனசில் ஏதோ இடித்தது. அது என்னவென்று இன்னொரு பாலத்தில் நின்றபோதுதான் பிடிபட்டது.

1992 ஏப்ரல் 5. சமாதானம் கேட்டு ஊர்வலம் போனவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. சுவாதா என்ற மருத்துவ மாணவியும் ஓல்கா என்ற பெண்ணும் ஒரு பாலத்தில் விழுந்தார்கள். முற்றுகையின் முதல் பலி என்று அவர்களைத்தான் சொல்கிறார்கள். பாலத்துக்கு இன்று அவர்கள் இரண்டு பேரின் பெயர். கண் கலங்கிவிட்டது எனக்கு. கலங்கிய அந்த நிமிஷமே இன்னொன்றும் தோன்றியது. ஊர்வலம், பாலம், ஆறு... இதை நான் எங்கே கேட்டிருக்கிறேன்?

தச்சநல்லூரிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினால் ஜங்ஷன் தாண்டி சுலோச்சன முதலியார் பாலம் வரும். 1843-ல் அவர் சொந்தக் காசைப் போட்டுக் கட்டியது. விருந்தாளி யார் வந்தாலும் நெல்லையப்பர் கோயில், இருட்டுக்கடை அல்வா, அப்புறம் இந்தப் பாலம் என்று ஒரு சுற்றுக் கூட்டிக்கொண்டு போவேன். பாலத்தின் நடுவில் நிறுத்தி முதலியாரின் பெருந்தன்மையைச் சொல்வேன். கேட்கிறவர்கள் உருகிப்போவார்கள். பாலத்துக்குக் கீழே ஓடுகிற தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை.

1999 ஜூலை 23. கூலி உயர்வும், சிறையிலிருந்த தங்கள் ஆட்களின் விடுதலையும் கேட்டு, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம். போலீஸ் தடியடி. தப்பிக்க ஆற்றில் இறங்கினார்கள். 17 பேர் செத்தார்கள். அதில் பெண்கள் உண்டு, ஒரு கைக்குழந்தையும் உண்டு. விசாரணைக் கமிஷன் வந்தது, போனது. 2024-ல் அந்தத் தோட்டத்திலும் வேலை முடிந்தது என்று தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து மலையை விட்டு இறங்கச் சொன்னார்கள்.

இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அது நாலு வருஷ யுத்தம், இது ஒரு மத்தியானம். நான் அளந்து பார்ப்பது என் கண்ணீரை மட்டும். அங்கே அத்தனை சுலபமாக வந்தது, இங்கே 25 வருஷமாக ஏன் வரவில்லை?

சரயேவோவில் என்னை யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. நான் சுட்டவன் ஜாதியுமில்லை, செத்தவன் ஜாதியுமில்லை. அழுதுவிட்டுக் காபி குடிக்கலாம். இங்கே அப்படியில்லை. செத்தவர்கள் பெரும்பாலும் தலித்துகள். மறுநாள் டீக்கடையில், "இவங்களுக்கு எதுக்கு இந்த ஊர்வலம்லாம்?" என்று ஒருத்தர் கேட்டார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு டீக்குக் காசு கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாலத்தில் நின்று விருந்தாளிக்கு இதைச் சொன்னால், "நீங்க அப்ப என்ன பண்ணீங்க?" என்று கேட்பாரே. அதனால்தான் அல்வாவோடு நிறுத்திக்கொண்டேன் போலிருக்கிறது.

ஊர் திரும்பின மூன்றாம் நாள், தெருக்கார ஆட்டோத் தம்பி அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டான். கொக்கிரகுளம் போய்க்கொண்டிருந்தோம். பாலத்துக்குப் பேர் வைத்த கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஓட்டினவன், "நல்ல ஊருதான் அண்ணாச்சி, செத்தவ பேரைப் பாலத்துக்கு வச்சிருக்காவ" என்றான். கொஞ்சம் கழித்து, "நம்ம ஆத்துல செத்தாவள்லா, அவிய பேரெல்லாம் என்ன?"

ஒரு பேர்கூட எனக்குத் தெரியவில்லை. "தெரியலையே தம்பி" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி சுலோச்சன முதலியார் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது.

மறுவாரம் பழைய பேப்பர்களைத் தேடிப் போனேன். ஒரு நோட்டில் 17 பேரையும் எழுதி வைத்திருக்கிறேன். ஜூலை 23 அன்று வருஷா வருஷம் ஆற்றங்கரையில் பூப்போட வருகிறார்கள். அங்கே போய் நிற்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அடுத்த மாதம் சென்னையிலிருந்து நண்பர் ஒருவர் குடும்பத்தோடு வருகிறார். அல்வா உண்டு. பாலத்தில் இந்தத் தடவை கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று போனிலேயே சொல்லிவிட்டேன்.